இருபது டாலர் பாட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். கைப்பையைக் கொட்டிச் சுத்தம் செய்தபோது நீ காபிக்குக் கொடுத்த இருபது ஆஸ்திரேலிய டாலர் நோட்டு விழுந்தது. பிளாஸ்டிக் இல்லையா, எத்தனை மடித்தாலும் நிமிர்ந்துகொள்கிறது.

அதில் மூக்குக்கண்ணாடி போட்ட பாட்டி ஒருத்தி இருக்கிறாளே, யாரோ ராணியம்மா என்றுதான் நினைத்திருந்தேன். தேடிப் படித்தால், குதிரை திருடின கேஸில் மாட்டிய கைதி!

பெயர் மேரி ரீபி. இங்கிலாந்தில் லங்காஷயர் என்ற ஊர்ப்பக்கம் பாட்டி வளர்த்த பெண். ஆண் வேஷத்தில், ஜேம்ஸ் பரோ என்று பெயர் சொல்லித் திரிந்தவளைப் பிடித்திருக்கிறார்கள். வழக்கு நடந்தபோதுதான் பெண் என்றே தெரிந்ததாம். ஏழு வருஷம் நாடுகடத்தல். 1792 அக்டோபரில் கப்பல் சிட்னிக்கு வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது.

வந்த கையோடு ஊரிலிருந்த ஆன்ட்டிக்கு ஒரு கடிதம் எழுதினாள். (அத்தையா சித்தியா என்று அவர்கள் எங்கே பிரித்துச் சொல்கிறார்கள்!) கடிதம் பூராவும் எழுத்துப்பிழை. இரண்டு மூன்று வருஷத்தில் எப்படியாவது கிளம்பப் பார்க்கிறேன், அதுவரை முடிந்த மட்டும் சந்தோஷமாக இருந்துகொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாள். ஏர்போர்ட்டில் நீ சொன்ன 'ரெண்டே வருஷம்மா' ஞாபகம் வந்தது. அது ஆயிற்று பதினோரு வருஷம்.

அவள் எங்கே கிளம்பினாள்? 1794ல் தாமஸ் ரீபி என்ற கப்பல்காரரைக் கட்டிக்கொண்டாள். ஏழு பிள்ளைகள். 1811ல் அவர் போய்ச் சேர்ந்தார். அடுத்த மாதமே தொழில் கூட்டாளியும். கப்பல், வியாபாரம், நிலம் எல்லாவற்றையும் தனியாளாகக் கட்டி ஆண்டிருக்கிறாள். 1817ல் நியூ சவுத் வேல்ஸ் பாங்க் தொடங்கியதே மெக்குவாரி பிளேஸில் இருந்த அவள் வீட்டில்தான். கைதியாக வந்த எல்லோருக்கும் இப்படி வாய்க்கவில்லை. சவுக்கடியும் கால்விலங்குமாகக் காலம் தள்ளியவர்கள் எத்தனையோ பேர்.

1820ல் இரண்டு மகள்களோடு லங்காஷயர் போனாள், விருந்தாளியாக. போன தடவை வந்தபோது டம்ளர் எங்கே இருக்கிறது என்று நீ கேட்டாயே, அந்த மாதிரிதான் இருந்திருக்கும்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1828ல் சென்சஸ் எடுத்தார்கள். கைதியாக வந்தவரா, சுதந்திரமாக வந்தவரா என்ற கேள்விக்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? 'சுதந்திரமாக வந்தேன், 1821ல்.' லங்காஷயரிலிருந்து திரும்பி வந்த கணக்கு! பொய் என்றும் சொல்ல முடியாது. கில்லாடி.

சரி, நீயும் சிட்டிசன்ஷிப் ஃபாரம் நிரப்ப வேண்டும் என்றாய். நிரப்பு. பொங்கலுக்கு டிக்கெட் போட்டதும் சொல். டம்ளர் அடுப்புக்கு மேலே இடது பக்க அலமாரியில்.

அம்மா