அட்டைப்பெட்டி ஒன்று அனுப்பியிருக்கிறேன்

கோத்தகிரி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மூன்று நாளாக விடாத மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

நேற்று போனில், "படிச்சதெல்லாம் மறந்து போகுதுப்பா, என் மண்டையே சரியில்ல" என்று அழுதாயே, அதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. உன் மண்டைக்கு ஒன்றும் இல்லை கண்ணு. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து, 1885-இல் புத்தகமாகவே போட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது என்பதையும் அவரே கண்டுபிடித்தார்.

நம் தேயிலைத் தோட்டத்தில் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு ரவுண்டு கொழுந்து எடுப்போமே, அது போலத்தான். முந்திப் போனால் கொழுந்து வந்திருக்காது, பிந்திப் போனால் இலை முற்றிவிடும். ஒரே நாளில் பத்து தடவை போய்ப் பிரயோஜனம் இல்லை.

நூலகத்தில் இருந்த இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பக்கம் முழுக்க மஞ்சள் பேனாவால் கோடு போடுகிற பிள்ளைகள் பரீட்சையில் திணறுவார்கள். புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்து முணுமுணுக்கிறவர்கள்தான் பெரும்பாலும் வேலை வாங்கிக்கொண்டு போனார்கள். அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் பத்துப் படிப்பு முறைகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரையும் இதையேதான் சொல்கிறது. கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் கடைசி வரிசை. தன்னைத் தானே கேள்வி கேட்பதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் முதல் வரிசை.

அதனால்தான் பெட்டி. உள்ளே ஐந்து அறை தடுத்திருக்கிறேன். வீட்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை அம்மா நறுக்கிக் கொடுத்தாள், இருநூறு அட்டை தேறியது. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். எல்லா அட்டையும் முதல் அறையில் தொடங்கும். பதில் சரியென்றால் அடுத்த அறைக்குப் போகும். தப்பென்றால், எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பி வரும். முதல் அறையைத் தினமும் எடு, இரண்டாவதை ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் நாலு நாள், ஒரு வாரம், இரண்டு வாரம். இது லைட்னர் என்பவர் 1972-இல் எழுதிய வழி. ஆங்க்கி என்ற செயலியும் இதே வேலையைச் செய்யும். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இலவசம். ஆனால் போனை எடுத்தால் நீ வேறு எங்கோ போய்விடுகிறாய் என்று நீயே சொன்னாய், அதனால் இப்போதைக்கு அட்டையே போதும்.

ஒரு அட்டைக்கு ஒரே கேள்விதான். "நீலகிரி மலை ரயில் பற்றி" என்று எழுதினால் அது அட்டை இல்லை, கட்டுரை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு எப்போது வந்தது? 1899. ஊட்டிக்கு? 1908. யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது? 2005. மூன்று அட்டை. விடையைத் திருப்பிப் பார்க்கும் முன் வாய்விட்டுச் சொல். தெரியவில்லை என்றாலும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் திருப்பு.

உட்கார முடியவில்லை என்றால் சாதாரண அலாரம் கடிகாரத்தில் 25 நிமிஷம் வை, 5 நிமிஷம் எழுந்து நட. சிரில்லோ என்ற இத்தாலிக்காரர் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை வைத்துப் பழகிய முறை இது. போனை அந்த நேரம் ஹாஸ்டல் தோழியிடம் கொடுத்துவிடு. படிப்புக்கென்று போனில் ஏற்றி வைத்திருக்கிறாயே, அந்த ஏழு செயலிகளையும் அழித்துவிடு. எதை வைத்துப் படிப்பது என்று தேடித் தேடியே உன் சாயங்காலம் போகிறது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதல் இருபது அட்டைகளை, போன வாரத் தேர்வில் தப்பாகப் போட்ட கேள்விகளிலிருந்தே எழுது. ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கேட்கிறேன், நீ சொல்லு. பெட்டியின் அடியில் வர்க்கி வைத்திருக்கிறேன், நொறுங்காமல் வந்ததா என்றும் சொல்.

அப்பா