இரண்டு பேர் இருக்கும் படம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மாடிப்படி ஏறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடு. இங்கே எல்லோரும் சௌக்கியம். வீட்டில்தான் என் மேல் கோபம். ரிட்டயரான மனுஷன் விடிந்ததும் கேமராவும் கையுமாகக் கிளம்பினால், மதியச் சாப்பாட்டுக்குத்தானே தலையைக் காட்டுகிறேன்!

"இன்னும் கிழவர்களின் முகச் சுருக்கத்தைத்தான் எடுக்கிறாயா?" என்று கிண்டலாகக் கேட்டிருந்தாய். இல்லை. அந்த மாதிரிப் படங்கள் எனக்குச் சலித்துவிட்டன. லாங் லென்ஸைப் போட்டு எதிர்ச்சாரியிலிருந்து ஒரு பிச்சைக்காரர் முகம், கறுப்பு வெள்ளையில். அதற்கு ஒரு பரிசு. தன்னை எடுத்ததே அந்த மனுஷனுக்குத் தெரியாது. இப்போதெல்லாம் இரண்டு பேர் சேர்ந்திருக்கும் இடமாகப் பார்த்துத்தான் நிற்கிறேன். தனியாக இருப்பவர் கேமராவைப் பார்க்கிறார். பக்கத்தில் கூட்டாளி இருந்தால் முகமே வேறு.

இங்கே மதுரையில், மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தூணோரமாகத் தையல் மிஷின் போட்டிருப்பார்களே, நினைவிருக்கிறதா? மண்டபத்தைச் சீரமைக்க வேண்டுமென்று கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கும் இரண்டு பேரோடு பழக்கமாகிவிட்டது. மூத்தவர் பாய். மற்றவர் பத்து வயதாவது இளையவராக இருப்பார். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடுப்பு, குல்லாய் என்று இருவருக்கும் நிமிர நேரமிருக்காது. பேச்சும் பெரிதாக இல்லை. "கத்தரி எங்கே?", "டீ சொல்லியாச்சா?" அவ்வளவுதான்.

ஒரு நாள், ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கட்டுமா என்றேன். இளையவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பாய் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து உள்ளங்கையை நனைத்து, கூட்டாளியின் பின்னந்தலையில் சிலுப்பி நின்ற முடியைப் படிய வைத்தார். நான் அதை எடுத்துவிட்டேன். அப்புறம் இருவரும் விறைப்பாக உட்கார்ந்து போஸ் கொடுத்தார்கள், அதையும் எடுத்தேன். இரண்டையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தபோது முதல் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு? மூஞ்சியே சரியாத் தெரியல" என்றார் பாய். போஸ் படம்தான் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

பிரிண்ட் கொடுக்கும் யோசனை என்னுடையது இல்லை. மில்டன் ரோகோவின் என்று ஒருவர், அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கும் தொழில். 1957ல் கம்யூனிஸ்ட் என்று விசாரணைக் குழு முன்னால் நிறுத்தினார்கள், பத்திரிகையும் எழுதியது, தொழில் படுத்துவிட்டது. கேமராவை முழு மூச்சாகக் கையிலெடுத்தது அதற்குப் பிறகுதான். 1972ல் தன் தொழிலிடத்துக்குப் பக்கத்து ஏழைத் தெருக்களில் எடுக்கத் தொடங்கினார். முதலில் போலீஸ் ஆளோ என்று சந்தேகப்பட்டார்கள். பிரிண்டைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்த பிறகுதான் சகஜமானார்கள். எப்படி நிற்க வேண்டுமென்பதை அவர்களிடமே விட்டுவிடுவார். 80களிலும் 90களிலும், பிறகு தொண்ணூறு வயதுக்கு மேல் 2000த்திலும், மனைவி ஆன்னோடு அதே ஆட்களைத் தேடிப் போய் மறுபடி எடுத்தார். அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வயதாவது மட்டுமில்லை, யார் யாரோடு கூடவே இருந்தார்கள் என்பதும் தெரிகிறது.

அடுத்த சித்திரைக்கும் எடுப்பேன் என்று பாயிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "அதுக்குள்ள இவனுக்கு முடி கொட்டிடும்" என்கிறார்.

கால் ஒத்துழைத்தால் நீயும் அப்போது வா. அப்புறம், ஹாஸ்டலில் நாம் ஓர்வோ ஃபிலிமில் எடுத்த நெகட்டிவ் எல்லாம் உன்னிடம்தானே இருக்கிறது? இங்கே நன்றாக ஸ்கேன் செய்து தர ஒருவர் கிடைத்திருக்கிறார். பூஞ்சை தின்றது போக மிச்சத்தை எடுத்துக்கொண்டு வா.

உன்,
மணி