முதலில் என் தோளைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் என்னைப் பார்த்த மருத்துவர் நல்ல மனிதர்தான். சிரித்த முகம், கடுகடுப்பில்லாத பேச்சு. அவர் பெயரை இங்கே போட்டு அவரை வம்பில் மாட்டிவிடும் எண்ணம் எனக்கில்லை. “எடையைக் குறைங்கம்மா” என்று அவர் சொன்ன அதே வாக்கியத்தை அவருக்கு முன்னால் ஏழெட்டுப் பேராவது எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்.

இரண்டு மாதமாக இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. ராத்திரி தூக்கத்தில் தெரியாமல் அந்தப் பக்கம் புரண்டுவிட்டால் உயிர் போகிற வலி. அதற்காகத்தான் போனேன். ஆனால் தோளைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்பே, நடைவழியில் இருந்த எடைக் கருவியில் என்னை ஏற்றினார்கள். நர்ஸ் எண்ணைச் சத்தமாகப் படித்தார். காத்திருந்தவர்களில் இரண்டு பேர் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்ந்து பார்த்தார்கள். இது எனக்குப் பழகிப்போனது, விடுங்கள்.

பழகாதது அடுத்து நடந்தது. பி.பி. பார்ப்பதற்கு அந்தப் பட்டையைக் கையில் சுற்றினார். ஒட்டவில்லை. இன்னும் இறுக்கிச் சுற்றினார். வெல்க்ரோவின் ஓரத்தில் ஒரு விரற்கடை மட்டும் ஒட்டியது. காற்று ஏற ஏற, பட்டை உப்பி, படக்கென்று பிய்த்துக்கொண்டு என் மடியில் விழுந்தது. மறுபடி சுற்றினார், மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை இரண்டு கையாலும் பட்டையை என் கையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். “உங்களுக்கு எப்பவுமே இப்படித்தாம்மா இருக்கும்” என்றார் ஆறுதலாக. கருவி 156 காட்டியது.

உள்ளே போனேன். மருத்துவர் சீட்டில் இருந்த இரண்டு எண்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எடையைக் குறைங்கம்மா, பாதிப் பிரச்சினை தானா போயிடும். கொஞ்சம் வாயைக் கட்டணும்.” வலிக்கு ஒரு மாத்திரை, பி.பி.க்கு ஒரு மாத்திரை. வெளியே வந்து நின்ற பிறகுதான் உறைத்தது: அவர் என் தோளைத் தொடவே இல்லை. கையைத் தூக்கிக் காட்டுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

எடை முழங்காலில் இறங்கும், ஒப்புக்கொள்கிறேன். இடுப்பில் இறங்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். தோளில் எப்படி ஏறியது என்று யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும். என்னை நானே தோளில் தூக்கிக்கொண்டு நடப்பதில்லையே!

நாலு நாள் கழித்து வேறோர் இடத்துக்குப் போனேன். அங்கே இருந்த இளம் மருத்துவர் என் முழங்கையை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முன்கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்பினார். பாதியில் நின்றுவிட்டது. “ஃப்ரோசன் ஷோல்டர்” என்றார். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போவது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதிகம் வரும், அதனால் சர்க்கரை ஒன்று பார்த்துவிடலாம் என்றார். சோதிக்க அவருக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு பெரிய பட்டையை எடுத்து பி.பி. பார்த்தார். 134.

கைக்குப் போதாத பட்டையைச் சுற்றினால் ரத்த அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும் என்பது உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2023-இல் 195 பேரை வைத்து இதை அளந்தே காட்டினார்கள். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றியபோது மேல் அளவு சராசரியாக 19.5 புள்ளி எகிறியது. இல்லாத நோய்க்கு மாத்திரை எழுத அது போதும். பட்டை சிறியது என்று யாரும் சொல்லவில்லை, கை பெரியது என்றுதான் சொன்னார்கள். என் மொத்தக் குறையும் இதற்குள் அடக்கம்.

நான் கேட்பது ஒன்றுதான். என்ன வலி என்று வந்தேனோ அதை முதலில் சோதியுங்கள். எடையைப் பற்றி அப்புறம் பேசலாம். பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை.

“அப்படியானால் உங்கள் பொறுப்பு ஒன்றுமே இல்லையா?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இருக்கிறது. என் வாய்க்குள் கையை விட்டு யாரும் ஊட்டவில்லை. நடக்காமல் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு, பசியே இல்லாமல் சாப்பிட்ட நாட்களும் உண்டு. அதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் என் அக்காவும் நானும் ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவள் தட்டில் பாதியிலேயே “போதும்” என்று எழுந்துவிடுவாள். எனக்கு அந்தப் “போதும்” வந்து சேரவே நேரமாகும். அவள் அடக்கிக்கொண்டு எழுந்தாள் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவளுக்கு வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கு அவளுக்குக் கிடைத்த பெயர் ஒழுக்கம். எனக்குக் கிடைத்த பெயரை நான் எழுத வேண்டியதில்லை.

இதில் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து 1986-இல் வெளியிட்டார்களே, அந்தத் தத்துப் பிள்ளைகளின் உடல்வாகு பெற்றவர்களை ஒத்துப்போனது, எடுத்து வளர்த்துச் சோறு போட்டவர்களை ஒத்துப்போகவில்லை. 1990-இல் கனடாவில் குளோட் புஷார்ட் என்ற ஆய்வாளரின் குழு 12 ஜோடி உருவமொத்த இரட்டையர்களுக்கு, 100 நாளில் 84 நாள், தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தது. எல்லோருக்கும் ஒரே கூடுதல், கண்காணிப்பும் ஒன்றே. ஒருவருக்கு 4.3 கிலோ ஏறியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ. ஆனால் கூடப் பிறந்த இருவரும் பெரும்பாலும் ஒன்றுபோலவே ஏறினார்கள். 13 கிலோ ஏறிய பையன் உங்கள் அறைக்குள் வந்திருந்தால் அவனிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

மரபணு நாற்பது வருடத்தில் மாறிவிடவில்லையே, பின்னே எப்படி இத்தனை பேர் குண்டானார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மாறியது சுற்றுப்புறம். அந்த மாற்றம் யார் உடம்பில் எவ்வளவு ஏறும் என்பதில்தான் மரபணுவுக்குப் பெரும் பங்கு. மழை எல்லாக் கூரை மேலும்தான் பெய்கிறது, எல்லா வீடும் ஒழுகுவதில்லை.

என்னிடம் எடையைக் குறைக்கச் சொன்னவர்கள் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: “இதற்கு முன் குறைத்திருக்கிறீர்களா?” குறைத்திருக்கிறேன் ஐயா. மூன்று தடவை. ஒரு தடவை 17 கிலோ. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, அந்த மஞ்சள் வெளிச்சத்தில், எதையும் எடுக்காமல் நின்றுகொண்டிருந்தவளை யாரும் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம்கூட ஆகாதபோது அடுத்த வேளையைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன். கூட்டத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன், மனசு முழுக்கச் சாப்பாடுதான். முன்பு எனக்கு இவ்வளவு பசி இருந்ததே இல்லை. எடை குறைந்த பிறகு வந்த பசி இது. பதினான்கு மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு எல்லாம் திரும்பி வந்தது, வட்டியோடு.

நான் மனவுறுதி இல்லாதவள் என்றுதான் வருடக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் படித்தேன், 2011-இல் ஆஸ்திரேலியாவில் வந்த ஆய்வை. 50 பேருக்குப் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாடு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தாலும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுதலாகவே இருந்தது, போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவாகவே இருந்தது. இழந்ததைத் திரும்பக் கேட்டு உடம்பு கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. இந்த விஷயத்தை எனக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவராவது சொல்லியிருந்தால், நான் என்னையே திட்டிக்கொண்ட வருடங்கள் சில குறைந்திருக்கும். கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றினால் மன்னிக்கவும். கோபம்தான்.

இப்போது எடையைக் குறைக்க வாராவாரம் போடும் ஊசி வந்துவிட்டது. செமக்ளூட்டைடு என்ற அந்த ஊசியைப் போட்டவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை இழந்ததாக 2021-இல் வந்த பெரிய பரிசோதனை சொன்னது. ஊசியை நிறுத்தி ஒரு வருடத்தில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அந்த ஊசி எனக்கு வேண்டும் என்று கேட்கவில்லை. அதன் பக்க விளைவுகளும் எனக்குத் தெரியும். ஒரு சந்தேகம் மட்டும் கேட்கிறேன். இது குணக்கேடு என்றால் வாரம் ஒரு ஊசியில் குணம் திருந்திவிடுகிறதா? ஊசியை நிறுத்தியதும் மறுபடி கெட்டுப்போகிறதா?

பொறுப்பு என்ற சொல் வந்துவிட்டதால் இன்னொன்று. பொறுப்பை எப்போதும் சாப்பிடுகிறவரிடம்தான் கேட்கிறார்கள், தயாரித்து விற்கிறவரிடம் யாரும் கேட்பதில்லை. 2019-இல் கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் 20 பேரை ஒரு மாதம் ஆய்வகத்திலேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் ஆலையில் பக்குவமாகிப் பொட்டலத்தில் வருகிற உணவு, இரண்டு வாரம் அப்படிப் பக்குவமாகாத உணவு. பிடித்த அளவு சாப்பிடலாம். பொட்டல உணவு கொடுத்த நாட்களில் தினமும் ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. அதே 20 பேர்தான், அதே மனவுறுதிதான். ஆனாலும் அந்தப் பொட்டலத்தைச் செய்கிறவர்களை எடைக் கருவியில் ஏற்றி யாரும் சத்தமாக எண் படிப்பதில்லை. விளம்பரத்தில் துள்ளிக் குதிப்பவர்கள் எல்லோரும் ஒல்லி. ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படம் போட்டு எடை குறைக்கும் மாவு விற்கிறவர்கள், மூன்றாவது படம் ஒன்றை, இரண்டு வருடம் கழித்து எடுத்த படத்தை, ஏன் போடுவதில்லை? உங்கள் காத்திருப்பு அறையில் இருக்கும் நாற்காலிகள் எல்லாவற்றுக்கும் எதற்குக் கைப்பிடி?

சரி, எங்கேயோ போய்விட்டேன். தோளுக்கு வருகிறேன்.

உங்கள் கஷ்டமும் எனக்குப் புரியாமலில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், ஆளுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடையாது. எடை கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, வலி தெரிவதில்லை. உடல் பருமனால் வரும் ஆபத்துகளும் பொய்யில்லை, அதைச் சொல்வது உங்கள் கடமை. சொல்லுங்கள். சொல்வதற்கு முன் “எடையைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தைராய்டு பார்த்தாயிற்றா, ஸ்டீராய்டோ இன்சுலினோ மனநல மருந்தோ எடுக்கிறாரா, தூக்கம் எப்படி என்று விசாரியுங்கள். முன்பு குறைத்து மறுபடி ஏறியதா என்று கேளுங்கள். “வாயைக் கட்டுங்கள்” என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது சிகிச்சை இல்லை. அதைச் சொல்ல வழியில் போகிற யாரும் போதும். எனக்கு நிறையப் பேர் சொல்லியும் இருக்கிறார்கள்.

இந்தத் தோள் வலியோடு நான் நாலு நாள்தான் வீணாக அலைந்தேன். வேறொருத்திக்கு அது நாலு மாதமாக இருக்கலாம், வலிக்குக் காரணம் தோளைவிடப் பெரிய ஏதோவாக இருக்கலாம். இன்னும் சிலர், எப்படியும் திட்டுத்தான் விழும் என்று மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை. நானும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டது அதனால்தான்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: என்ன சொல்லிக்கொண்டு வருகிறோமோ, முதலில் அதைச் சோதித்துப் பாருங்கள். எடை எங்கேயும் ஓடிவிடாது. எண்ணைச் சத்தமாகப் படிக்க வேண்டாம் என்று நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கூடவே, பெரிய பட்டை ஒன்று வாங்கி வையுங்கள். 12-ஆம் தேதி சர்க்கரை ரிப்போர்ட்டோடு வருகிறேன். பி.பி. பார்க்க வலது கையைத்தான் நீட்டுவேன். இடது கை இன்னும் முழுதாக நீளவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருத்தி