இங்கிலாந்து இல்க்லியிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை என்று படித்த பிறகுதான் உயிர் வந்தது. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. முதியோர் இல்லத்தில் இந்த மாதம் ஷிப்டைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். நல்லதுதான், உடம்புக்கு ஓய்வு.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தாய். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஹீட்டர் போட்டால் எனக்குத் தலை வலிக்கும். அதனால் சாயங்காலமானால் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் போய் உட்கார்ந்துவிடுவேன். போனில் சொன்னேனே, வீடு முழுக்க இறகாக வைத்திருப்பவர், அவர்தான். இங்கே ஓடும் வார்ஃப் ஆற்றில் டிரவுட் மீன் பிடிக்கத் தூண்டில் ஈ கட்டுகிறார். புழுவெல்லாம் கிடையாது அக்கா, எல்லாம் பொய் ஈ. வைஸ் என்கிற சின்னப் பிடிகருவியில் நகக்கண் அளவு தூண்டில் முள்ளைப் பூட்டி, மெழுகு தடவிய ஆரஞ்சுப் பட்டு நூலைச் சுற்றுவார். அந்த நூல்தான் ஈயின் உடம்பு. தலைப்பக்கம் கவுதாரி இறகு ஒன்றை இரண்டே சுற்று. மூன்றாவது சுற்று போட்டால் கையில் தட்டுகிறார்! இறகு அடர்ந்தால் தண்ணீரில் விறைத்து நிற்குமாம். கொஞ்சமாக இருந்தால்தான் ஓட்டத்தில் விரிந்து சுருங்கி, பூச்சி காலை ஆட்டுவது போலத் தெரியுமாம். உள்ளான் இறகுக்கு ஊதா நூல். நூறு வருஷத்துக்கு மேலாக இந்தப் பக்கத்தில் இதே ஜோடிகள்தான்.

கவுதாரி என்றால் நம் காட்டுக் கவுதாரி இல்லை, அதற்குப் பங்காளி முறை. செப்டம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரைதான் சுடலாம். சுடுகிறவர்கள் இறகைத் தாத்தாவுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர் பெட்டியில் ஒரு சேவல் கழுத்துத் தோலும் கிடக்கிறது, மேலே ‘இந்தியன்’ என்று எழுதி. எனக்கு முன்னாலேயே நம்மூர்ச் சேவல் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த இறகு விறைப்பு, மிதக்கிற ஈக்குத்தான் ஆகுமாம்.

இவ்வளவும் செய்து பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுகிறார். அம்மாவிடம் சொல்லாதே, திட்டுவாள். மார்ச் 25-ல் டிரவுட் சீசன் தொடங்கிய பிறகு என்னையும் வரச் சொல்கிறார். லைசன்ஸ் எடுக்க வேண்டும், பார்க்கலாம், அவசரமில்லை.

நேற்று அவர் நூல் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டார். அப்பா கண்மாய்க்கரையில் மயிலிறகுத் தண்டைத் தக்கையாகக் கட்டும்போது இப்படித்தான் கடித்துக்கொண்டிருப்பார். உனக்கு நினைவிருக்கிறதா? கெண்டை மாட்டினால் உன்னைத்தான் முதலில் கூப்பிடுவார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. பல்வலி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கண்மாயில் இந்த வருஷம் தண்ணீர் நிற்கிறதா? எழுது.

பாப்பா காதுகுத்தைத் தையில் வைப்பதாக எழுதியிருக்கிறாய். பங்குனிக்குத் தள்ள முடியுமா? தாய்மாமன் சீர் குறைவாகச் செய்ய எனக்கு மனசில்லை, தையில் லீவும் கிடைக்காது. அத்தானிடம் நீயே பக்குவமாகச் சொல். சித்தப்பா எல்லைக்கல்லை நகர்த்திய விஷயத்தில் வாய்ச்சண்டை வேண்டாம். பட்டா நகல் அம்மா டிரங்குப்பெட்டியில் அடியில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசில் சர்வேயருக்கு மனுக் கொடு. அளக்க வருகிற அன்று பெரியப்பாவையும் கூட நிறுத்திக்கொள், அவர் இருந்தால் சித்தப்பா குரலை உயர்த்தமாட்டார். பணம் இந்த மாதம் நாலு நாள் முன்னே பின்னே வரும். கடைக்காரரிடம் சொல்லி வை.

இப்படிக்கு,
உன் தம்பி