கல்லறைத் திருநாள் பாட்டுப் பூசைக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், பழைய முறை இலத்தீன் பாட்டுப் பூசையை, எல்லோரும் ஒரே மெட்டில் பாடும் பழைய கத்தோலிக்க இசையான கிரகோரியன் இசையிலேயே முழுவதும் பாடி முடித்தோம். குழுவில் பதினான்கு பேர். இசையைத் தொழிலாகக் கொண்டவர் ஒருவரும் இல்லை. ஆகவே இந்த மடல் கடன்.

முதல் நன்றி பாட்டு வாத்தியாருக்கு. நான்கு கோட்டில் சதுரப் புள்ளிகளாக இருந்த அந்த இசைக்குறிப்பை ஸ்வரத்தில் எழுதித் தந்தவர் அவர். மரித்தோர் பூசையின் நீண்ட பாட்டான ‘தியேஸ் ஈரே’யின் தொடக்கம் ‘க ரி க ஸ, ரி நி ஸ ஸ’. நி மட்டும் கீழ் ஸ்தாயி. கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள்தாம். வினையும் அங்கேதான். ராகத்தின் பெயர் காதில் விழுந்ததும் தொண்டை காந்தாரத்தை அசைக்கத் தொடங்கிவிடும். இந்த இசைக்குக் கமகம் ஆகாது. அசைத்தால் பதினான்கு குரலும் பதினான்கு இடத்தில் நிற்கும். வாத்தியார் ராகப் பெயரையே விட்டுவிட்டார். சுருதிப் பெட்டியை வைத்து ரி, க இரண்டை மட்டும் தினமும் கால் மணி நேரம் நேராகப் பிடிக்கச் சொன்னார். அந்தச் சிறு இடைவெளி சரியானதும் மெட்டு நிமிர்ந்துவிட்டது. அந்த நீண்ட பாட்டுக்கு அடிப்படை மெட்டு மூன்றுதான், ஒவ்வொன்றும் இரண்டு கண்ணிக்கு வரும், பிறகு மூன்றும் திரும்பச் சுழலும், கடைசிக் கண்ணிகள் மட்டும் வேறு என்று அவர் பிரித்துக் காட்டியபின் மனப்பாடம் பாதியாகக் குறைந்தது. சுருதி இறங்குவது ஒரே ஸ்வரத்தில் பல அசைகள் அடுக்கி வரும் இடத்தில் என்று கண்டுபிடித்தவரும் அவரே.

இலத்தீன் உச்சரிப்பைத் திருத்திய ஓய்வுபெற்ற சாமிக்கு அடுத்த நன்றி. தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தால் சொல்லின் நடுவில் வரும் ப, த மெலிந்து b, d போல ஒலித்துவிடும். முதலில் வரும் த வலித்துவிடும். ‘பெர்பெதுவா’ என்று எழுதினால் அப்படியே மெலிந்து ஒலிக்கும். அதனால் ‘பெர்ப்பெத்துவா’ என்று இரட்டித்து எழுதினார். ‘தோமினே’, ‘தோனா’ இரண்டிலும் மெலிந்து ஒலிக்க வேண்டிய த-வுக்கு அடிக்கோடு போட்டார். ‘டோமினே’ என்று நாக்கை மடக்கும் ஆங்கிலப் பழக்கத்தையும் நிறுத்தினார். ‘ஏயிஸ்’ இரண்டு அசை. ‘லூச்செயாத்’ என்பதில் ச்ச அழுத்தம். இப்படி அவர் எழுதித் தந்த மூன்று தாள்கள் இல்லாமல் பூசை நடந்திருக்காது.

நகல் கடைத் தம்பிக்கும் நன்றி. 1896-இல் முதலில் வந்த, பிரான்சின் சொலேம் மடத்துத் துறவிகளின் கிரகோரியன் பாட்டுத் தொகுப்பான ‘லிபர் உசுவாலிஸ்’ சின்ன அளவுப் புத்தகம். ஏ4-க்குப் பெரிதாக்கும்போது கண்ணாடியில் இருந்த தூசு புள்ளியாக விழுந்து, ஸ்வரத்தை நீட்டச் சொல்லும் புள்ளி போலவே தெரிந்தது. இரண்டு இடத்தில் வீணாக நீட்டிக்கொண்டிருந்தோம். கண்ணாடியைத் துடைத்து எல்லாத் தாளையும் காசு வாங்காமல் மறுபடி எடுத்துத் தந்தார். தொடக்கக்காரர் மட்டும் பாட வேண்டிய எல்லையைக் காட்டும் நட்சத்திரக் குறியில் சிவப்பு மை தடவியதும் அவர் யோசனை. அதற்குப் பின் யாரும் முந்தி நுழையவில்லை.

பயிற்சிக்குத் தன் வீட்டு வளவைத் திறந்துவிட்ட ஆச்சிக்கு என்ன சொன்னாலும் போதாது. நடு முற்றம் திறந்திருப்பதால் சத்தம் மேலே போய்விடும். ஒருவர் தவறினாலும் மற்ற பதின்மூன்று பேருக்கும் கேட்கும். கோவிலின் எதிரொலி அந்தத் தவறுகளை மூடிவிடும், திருத்த முடியாது. பாடும் முன் சுக்கு வெந்நீர், பாடி முடித்தபின்தான் வெள்ளைப் பணியாரம் என்ற ஆச்சியின் வரிசை எங்கள் தொண்டையைக் காத்தது.

பாடும் நேரம் முழுவதும் மின்விசிறிகளை நிறுத்தி வைத்த, கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளைக்கும், வியர்த்தபடி பொறுத்திருந்த பங்கு மக்களுக்கும், அனுமதி வாங்கித் தந்த பங்குச் சாமிக்கும் எங்கள் நன்றி.

அடிக்கோடிட்ட உச்சரிப்புத் தாள்களும் ஸ்வரப் படிகளும் ஆறு செட் மிச்சம் இருக்கின்றன. பக்கத்துப் பங்குகளில் மரித்தோர் பூசை பாட விரும்பும் குழுவினர் கோவில்பிள்ளையிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

அன்புடன்,
பாடகர் குழுவினர்,
காரைக்குடி வட்டாரம்