இரண்டாம் நாள் என்ன நடக்கும்? ஐரோப்பிய பிரேக்டவுன் கவர் விற்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவில் ஐரோப்பியப் பயணங்களுக்கான பிரேக்டவுன் கவர், அதாவது வண்டி வழியில் பழுதாகி நின்றால் உதவும் ஏற்பாடு, விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நான் லண்டனில் வசிக்கும் ஈழத்தமிழன். எங்கள் உறவுகள் பாரிஸில் சித்தப்பா, சூரிச்சில் பெரியம்மா, டோர்ட்முண்டில் மச்சான் என்று கண்டம் முழுக்கப் பரந்து கிடக்கிறார்கள். கோடை வந்தால் வண்டி எடுக்காத தமிழ் வீடு இங்கே குறைவு. ஜேர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேர், ஓகஸ்ட் கடைசியில் பாரிஸ் மாணிக்க விநாயகர் தேர், இடையில் ஒரு கலியாணம், ஒரு பூப்புனித நீராட்டு விழா. பள்ளி விடுமுறையில் விமான ரிக்கெற் விலை ஏறிக் கிடக்கும். ஏழு இருக்கை வண்டியில் வீட்டோடு ஏறிப் போவதுதான் கட்டுப்படியாகும்.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, சாமான் கட்டி முடித்த பிறகு, யாராவது ஒருவர் போனை எடுத்து விலை ஒப்பிடும் தளத்தில் கவர் தேடுவார். மேலே வருவது மலிவானது. அதைத் தட்டிப் பணம் கட்டிவிட்டுப் படுப்பார். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்த மடல். அந்த நேரத்தில் உங்கள் பக்கம் அவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் சொல்வதில்லை. வண்டி நின்ற முதல் மணித்தியாலத்தில் என்ன செய்வீர்கள் என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். இரண்டாம் நாள் என்ன நடக்கும் என்பதை முப்பதாம் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள்.

முதல் மணித்தியாலத்தில் உங்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. பிரான்சின் சுங்க நெடுஞ்சாலையில் வண்டி நின்றால், எந்தக் கொம்பனியின் கவர் வைத்திருந்தாலும் உங்கள் லொறியை அங்கே கூப்பிட முடியாது. மஞ்சள் மேலங்கியைப் போட்டு, எல்லோரையும் தடுப்பு வேலிக்கு அப்பால் நிறுத்திவிட்டு, ஓரத்தில் இருக்கும் செம்மஞ்சள் நிற அவசர போனில் பேச வேண்டும், இல்லையென்றால் 112. அந்தப் பாதைக்கு அனுமதி பெற்ற இழுவை லொறிதான் வரும். கட்டணத்தைப் பிரெஞ்சு அரசே நிர்ணயித்திருக்கிறது. இரவிலும் வார இறுதியிலும் விடுமுறை நாள்களிலும் அது ஒன்றரை மடங்கு. காசைக் கட்டி, பற்றுச்சீட்டை வாங்கி, பிறகு உங்களிடம் அனுப்பித் திருப்பி எடுக்க வேண்டும். நெடுஞ்சாலையை விட்டு வெளியே வந்த பிறகுதான் உங்கள் வேலையே தொடங்குகிறது. அப்படியிருக்க, உங்களில் சிலர் அனுப்பும் அட்டையில் 'எந்த உதவிக்கும் முதலில் எங்களை அழையுங்கள்' என்று மட்டுமே இருக்கிறது. பக்கத்தில் லொறிகள் பறக்கும் ஓரத்தில் நின்று, லண்டன் எண்ணுக்கு அடித்து, பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருக்கும் ஒருவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு ஆபத்தானது என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கொம்பனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. உங்களில் யாருடைய ஒப்பந்தத்தின் கீழும் இது நடந்திருக்கலாம்.

அக்கா குடும்பம் சுவிஸ் போகும் வழியில், பிரெஞ்சுத் துறைமுகமான கலேயில் இருந்து றைம்ஸ் போகும் ஏ26 பாதையில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் வண்டியின் கியர்பொக்ஸ் போய்விட்டது. பன்னிரண்டு வயது டீசல் வண்டி, உள்ளே ஏழு பேர், அதில் அத்தானின் தாயாரும் ஒருவர். இழுவை லொறி சொன்ன நேரத்துக்கு வந்தது. வந்தவர் மரியாதையான மனுசன், அத்தானின் தாயாரைக் கையைப் பிடித்து முன் இருக்கையில் ஏற்றிவிட்டார். வண்டியைக் கொண்டுபோய் விட்ட கராஜின் கதவு பூட்டிக் கிடந்தது. திங்கள் காலையில்தான் திறப்பார்கள்.

இரண்டு இரவு ஹோட்டலுக்கு ஆளுக்கு இவ்வளவு என்ற வரம்புக்குள் கொம்பனி பொறுப்பேற்றது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திங்கள் பின்னேரம் கராஜ் தந்த மதிப்பீடு வண்டியின் விலையைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு வந்த பதில்தான் இந்த மடலுக்குக் காரணம்: திருத்தச் செலவு வண்டியின் பிரித்தானியச் சந்தை மதிப்பை விடக் கூடினால் வண்டியை நாட்டுக்குக் கொண்டுவர மாட்டோம். அங்கேயே கழித்துவிடுங்கள், அல்லது உங்கள் செலவில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

ஆட்களை அனுப்ப வாடகைக் கார் தருவதாகச் சொன்னார்கள். வந்தது ஐந்து இருக்கைக் கார். எடுப்பதற்கு ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்ட் வேண்டும். அத்தானிடம் இருந்தது டெபிட் கார்ட். மகனுக்கு கிரெடிட் கார்ட் இருந்தது, ஆனால் வாடகை நிறுவனத்தின் வயது வரம்பு அவனுக்கு எட்டவில்லை. கடைசியில் பாரிஸில் இருந்து சித்தப்பாவின் மகன் வேலைக்கு லீவு போட்டு வந்து தன் கார்ட்டைக் கொடுத்துக் காரை எடுத்தான். மிச்சம் இரண்டு பேர் அவனுடைய காரில். அந்த வாடகைக் காரையும் கடலுக்கு இந்தப் பக்கம் கொண்டுவர முடியாது, கலேயில் ஒப்படைக்க வேண்டும். கடலடிச் சுரங்க ரயிலான யூரோடனல் வண்டிகளுக்கானது, நடந்து போகிறவர்களை ஏற்றாது. கப்பலிலும் எல்லாப் புறப்பாட்டுக்கும் நடைப் பயணிகளை எடுப்பதில்லை. எழுபது தாண்டிய ஒரு மனுசி சூட்கேஸ்களுக்கு நடுவே துறைமுகக் கதிரையில் குந்தியிருந்து அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தார். டோவரில் இறங்கியதும் இன்னொரு வாடகைக் கார், இன்னொரு முறை அதே கார்ட் பிரச்சினை.

கொம்பனி பொய் சொல்லவில்லை. நடந்த ஒவ்வொன்றும் ஒப்பந்தத்தில் எழுதியபடிதான் நடந்தது. பிறகு இருந்து வரி வரியாக வாசித்தேன். சந்தை மதிப்பு, கிரெடிட் கார்ட், இருக்கை எண்ணிக்கைக்கு உத்தரவாதம் இல்லை என்பது, எல்லாம் இருந்தது. எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. ஏமாற்றியிருந்தால் முறைப்பாடு செய்யலாம்: எட்டு வாரத்தில் உங்கள் இறுதிப் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். இங்கே கேட்பதற்கு ஒரு கேள்வியும் மிஞ்சவில்லை. வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். 2018 ஒக்டோபர் முதல் இரண்டு பக்கச் சுருக்க ஆவணம் ஒன்றை வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எது அடங்கும், எது அடங்காது என்று சின்னச் சின்னப் படங்களோடு அதில் இருக்கும். நல்ல ஏற்பாடு. உங்களில் பலருடைய ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 'வாகனத்தை நாட்டுக்குக் கொண்டுவருதல்' என்பதற்கு நேரே ஒரு பச்சைச் சரி அடையாளம், எல்லாவற்றிலும். அந்தச் சரி எந்த வண்டிக்குச் செல்லாது என்பது சிலவற்றில் அடுத்த பக்கத்தில், சிலவற்றில் 'வரம்புகள் பொருந்தும்' என்ற இரண்டு சொல்லில். பழைய வண்டி வைத்திருப்பவருக்கு அந்தப் பச்சை அடையாளம் அநேகமாகப் பயன்படாது. பத்து வயது தாண்டிய வண்டியில் பெரிய கோளாறு வந்தால் திருத்தச் செலவு விலையைத் தாண்டுவது சர்வசாதாரணம். 2,000 பவுண் பெறுமதியான காருக்கு ஒரு கியர்பொக்ஸ் போதும். வாங்கும்போது வண்டியின் இலக்கத்தை அடிக்கச் சொல்கிறீர்கள். அடித்த நொடியே அதன் வயது உங்களுக்குத் தெரியும், விலையையும் ஏறத்தாழத் தெரியும். 'உங்கள் வண்டியின் மதிப்பு ஏறத்தாழ இவ்வளவு. திருத்தச் செலவு இதைத் தாண்டினால் வண்டி திரும்பி வராது' என்று அதே திரையில் ஒரு வரி காட்ட உங்களால் முடியும்.

இன்னும் இரண்டு விசயம் எங்கள் ஆட்களோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

ஒன்று, மினிகாப் ஓடும் வண்டிகள். லண்டனில் எத்தனையோ தமிழர்களுக்கு அதுதான் தொழில். கிழமை முழுக்க ஆளேற்றும் அதே பிரியஸ் காரில்தான் விடுமுறைக்குப் பாரிஸ் போகிறார்கள். தனிப்பட்ட கவர்களில் பல, வாடகைக்கு ஆளேற்றும் வாகனத்தை முற்றாக விலக்குகின்றன, அது விடுமுறையில் போனாலும் சரி. இதை விற்கும்போது ஒரு கேள்வியாகக் கேளுங்கள். 'ஆம்' என்று சொன்னால் விற்காமல் விடுங்கள், அவர் வேறு இடம் பார்ப்பார். பணத்தை வாங்கிக்கொண்டு, ஜேர்மன் நெடுஞ்சாலையில் நிற்கும்போது விலக்கைக் காட்டுவது சரியில்லை.

மற்றது, இரவல் வண்டி. தம்பியின் பெரிய காரை அண்ணன் வாங்கிப் போவது எங்கள் வீடுகளில் வழமை. இங்கே உள்நாட்டுக்கு உங்களில் சிலர் விற்கும் அங்கத்துவம் ஆளோடு போகும், எந்தக் காரில் இருந்தாலும் செல்லும். ஆகவே ஐரோப்பாவுக்கும் அப்படித்தான் என்று ஆள்கள் நினைக்கிறார்கள். உங்கள் ஐரோப்பியக் கவரோ பெரும்பாலும் ஒரு வண்டி இலக்கத்தோடு கட்டுண்டது. ஜேர்மனியில் இருக்கும் என் மச்சான் அங்குள்ள வாகன ஓட்டுநர் சங்கமான ஏ.டி.ஏ.சி.யின் பிளஸ் அங்கத்தவர். அவருக்கு ஐரோப்பா முழுக்க, எந்தக் காரை ஓட்டினாலும், உதவி அவரோடு போகிறது. 1903-இல் தொடங்கிய அந்தச் சங்கம் இதைச் செய்ய முடியும் என்றால், உங்களாலும் ஒரு விலை வைத்துச் செய்ய முடியும். வண்டி ஜேர்மனியில் நின்றால் உங்களில் சிலருக்காக வந்து நிற்பதே அவர்களுடைய மஞ்சள் வான்தானே.

2023 யூலை 31 முதல், நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையத்தின் நுகர்வோர் கடமை விதி நடைமுறையில் இருக்கிறது. வாங்குபவர் விளங்கிக்கொண்டு முடிவெடுக்கும்படி தகவல் தரவேண்டும் என்று அது உங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆவணத்தைக் கொடுத்தோம் என்பதோடு கடமை முடிந்துவிடாது. எனவே நான் கேட்பது சலுகை அல்ல.

பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, சின்ன எழுத்தில் இல்லாமல், இவை இருக்க வேண்டும்: என் வண்டி எந்த நிலையில் திரும்பி வராது, மதிப்பை எந்த விலைப்பட்டியலை வைத்துக் கணிக்கிறீர்கள், எத்தனை பேருக்கு இருக்கை தருவீர்கள், வாடகைக் கார் எந்த எல்லை வரை போகும், கிரெடிட் கார்ட் இல்லாதவருக்கு என்ன செய்வீர்கள், திருத்தும் வேலைக்கும் உதிரிப்பாகத்துக்கும் யார் காசு. அப்புறம், பிரெஞ்சு நெடுஞ்சாலையில் முதலில் செம்மஞ்சள் போன், பிறகு நீங்கள், என்ற வரி அட்டையில் முன்பக்கம் வர வேண்டும். கிரெடிட் கார்ட் விசயத்தில் வாடகை நிறுவனங்களோடு பேசி வைப்புத்தொகைக்கு நீங்களே உத்தரவாதம் கொடுக்கலாம். இது எனக்குக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விட முக்கியம், ஏனென்றால் எங்கள் பெரியவர்களில் பலர் கடன் அட்டை வைத்துப் பழகாதவர்கள்.

இதை வாசிக்கும் எங்கள் ஆட்களுக்கும் ஒரு சொல். உங்கள் கார் காப்புறுதி வேறு, பிரேக்டவுன் கவர் வேறு. காப்புறுதிக்கு 2021 ஓகஸ்ட் 2 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு அத்தாட்சியான கிறீன் கார்ட் தேவையில்லை, மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு அதில் தானாகவே இருக்கும். வண்டி நின்றால் அது ஒன்றுக்கும் உதவாது. வங்கிக் கணக்கோடு இலவசமாக வந்த கவர் என்றால், அது டோவரோடு முடிகிறதா என்று முதலில் பாருங்கள். புதுக் கார் என்றால், தயாரிப்பாளரே ஐரோப்பிய உதவியைத் தந்திருக்கக்கூடும், இரண்டாவது முறை காசு கட்டாதீர்கள். சுவிஸ் போவதானால் நாடுகளின் பட்டியலில் அதன் பெயர் தனியாக இருக்கிறதா என்று தேடுங்கள். லொக் புக்கை (வண்டியின் பதிவுப் பத்திரத்தை), இரவல் கார் என்றால் உரிமையாளரின் கடிதத்தையும், வீட்டு அலுமாரியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பழைய வண்டிக்கு இருபது பவுண் கூடக் கொடுத்தாவது, ஆட்களைக் கூட்டிவரும் பகுதி பலமான கவராக எடுங்கள். வண்டி வராவிட்டால் போகட்டும், அம்மாவும் பிள்ளைகளும் வர வேண்டும்.

நிறுவனங்களுக்கு மறுபடியும். அடுத்த கோடைக்கு எங்கள் ஆட்கள் மாசி, பங்குனியிலேயே கப்பலுக்குப் பதியத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் மேலே கேட்ட கேள்விகளுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பக்கத்தில் பதில் தாருங்கள். ஆங்கிலத்திலேயே தந்தால் போதும். தமிழில் எழுதி, இங்குள்ள கோயில் அறிவித்தல் பலகைகளிலும் தமிழ்ப் பள்ளிக்கூடங்களிலும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
லண்டனில் இருந்து குடும்பத்தோடு கார் ஓட்டிப் போகிறவர்களில் ஒருவன்