நம் கணவாய் ட்ரூயிட்களை உருவாக்கித் தந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் நம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் நிறைவடைந்துவிட்டது. காட்டையும் அதைக் கடந்து போகிற வழிப்போக்கர்களையும் காக்கும் ட்ரூயிட் குழுவின், அதாவது இயற்கையின் சக்தியால் மந்திரம் செய்யும் பூசாரிகளின் கதை. ஆட்டத்தை நடத்தியவன் என்பதால் பாராட்டெல்லாம் எனக்கே வருகிறது. அந்தக் குழு உண்மையில் யார் யாரால் உருவானது என்று எல்லோரும் அறியச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி வரலாற்று ஆசிரியர் ஐயாவுக்கு. விதிப்புத்தகத்து ட்ரூயிட் விலங்காக உருமாறுவார், செடிகொடிகளை ஏவுவார். அவருக்குப் பின்னால் பழைய பிரான்சிலும் பிரிட்டனிலும் வாழ்ந்த நிஜ மனிதர்களை நீங்கள்தான் காட்டினீர்கள். அவர்கள் வழக்குகளுக்குத் தீர்ப்பு சொன்னார்கள், சிலர் 20 ஆண்டு வரை படித்தார்கள், பாடத்தை எழுதிவைக்கவே மாட்டார்கள் என்று ஜூலியஸ் சீசர் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். நம் குழுவிடம் வரைபடமே இல்லாததும், மலைவழிகளைப் பாட்டாக மனப்பாடம் செய்வதும் அதிலிருந்து வந்தவைதான். கி.பி. 60 வாக்கில் ரோமப் படை பிரிட்டனின் ஆங்கிள்சி தீவில் இறங்கி ட்ரூயிட்களின் புனிதத் தோப்புகளை வெட்டியதை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார் என்றீர்கள். தோப்பை இழந்தவர்கள் மலையேறிய கதை எனக்கு அப்போதுதான் கிடைத்தது.

தாவரவியல் படித்த அக்காவுக்கு அடுத்த நன்றி. ஓக் மரத்தில் வளர்ந்த புல்லுருவியை வளர்பிறை ஆறாம் நாளில் பொன் அரிவாளால் அறுப்பார்கள் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதியது பலருக்கும் தெரியும். அந்தச் செடி எப்படி வாழ்கிறது என்று சொன்னது நீங்கள். நீரை மரத்திடமிருந்து உறிஞ்சிக்கொண்டு, தன் பச்சை இலையால் தானே உணவும் செய்துகொள்ளும். ஓக்கில் அது அபூர்வம். குளிர்காலத்தில் ஓக் இலையுதிர்த்து நிற்கும்போது அது மட்டும் பச்சையாகத் தெரியும். நம் கதையில் வழி தவறியவர்கள் மொட்டை மரத்தில் பச்சைக் கொத்தைக் கண்டால் அருகே ட்ரூயிட் குடில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்களே, அது முழுக்க அக்காவுடைய யோசனை.

சுவிட்சர்லாந்தில் இருக்கும் அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்வது! காட்டைக் காப்பவர்கள் மனிதரை ஏன் உள்ளே விட வேண்டும் என்ற கேள்வியில் கதை நின்றுபோயிருந்தது. மனிதரை விரட்டும் ட்ரூயிட்களைத்தான் நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அப்போது நீங்கள் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயைப் பற்றிச் சொன்னீர்கள். 2,469 மீட்டர் உயரம், சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே. அங்கே 1050 வாக்கில் புனித பெர்னார்ட் தொடங்கிய விடுதியில் இன்றும் துறவிகள் இருக்கிறார்கள், வருகிறவர்களை வரவேற்கிறார்கள். அவர்கள் வளர்த்த நாய்களில் பாரி 40 பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். பதப்படுத்தி வைத்திருக்கும் அதன் உடலைப் பார்க்க பெர்ன் அருங்காட்சியகத்துக்கே போய்ப் படம் எடுத்து அனுப்பினீர்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, கிறித்தவத்துக்கு முந்தைய செய்தி. ரோமர் காலத்தில் அதே கணவாயில் ஜூப்பிட்டர் கோயில் இருந்தது. போகவும் திரும்பவும் பத்திரமாக இருக்க வேண்டி வழிப்போக்கர்கள் வைத்துவிட்டுப் போன வெண்கலத் தகடுகள் கிடைத்திருக்கின்றன. தெய்வம் மாறியும் அந்த இடத்தின் வேலை மாறவில்லை. காட்டுக்கு மரியாதை கொடுத்து நடக்கிறவனும் காட்டின் ஒரு பகுதிதான் என்று நம் ட்ரூயிட்கள் நம்பத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

அப்புறம், மூத்த ட்ரூயிடாக விளையாடிய தங்கை. பனிப்புயல் இரவில் குழந்தைகளோடு பதினோரு பேர் கணவாயில் மாட்டிக்கொண்டபோது, தோப்பின் கடைசி ஓக்கை வெட்டி எரித்தால் பிழைக்கலாம் என்று நிலைமையை வைத்தேன். மரமா, மனிதரா என்று நீ தேர்ந்தெடுப்பாய் என எதிர்பார்த்தேன். நீ மரத்தைத் தொடவில்லை. கருங்கரடியாக மாறிக் குழந்தைகளை உன் ரோமத்தோடு அணைத்துக்கொண்டாய். விதிப்படி நான்காம் நிலை ட்ரூயிட் ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம்தான் கரடியாக இருக்க முடியும், அதுவும் ஓய்வெடுக்கும் வரை இரண்டு தடவைதான். நேரம் தீர்ந்ததும் மிச்சமிருந்த மந்திரத்தைச் செலவழித்து நற்கனிகளை வரவழைத்தாய். ஒரு கனி ஒருவருக்கு ஒரு நாள் உணவு. பத்துக் கனி, பதினோரு வாய், அதற்கு மேல் நீ. பையில் எப்போதோ எடுத்து வைத்திருந்த ரொட்டியை நினைவுபடுத்தி அந்தப் பதினோராவது ஆளுக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்தாய். மேசையில் யாரும் பேசவில்லை. நான் எழுதி வைத்திருந்த முடிவைக் கிழித்துப் போட்டேன். நீ செய்ததே குழுவின் சட்டமாகட்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். இத்தனை அழகான இரவை எனக்குக் கொடுத்ததற்கு நன்றி, தங்கச்சி.

மாடி அறையைத் திறந்துவிட்டு, நள்ளிரவு வரை எங்கள் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு, சுக்குக்காப்பியும் போட்டுத் தந்த அம்மாவுக்கு என் வணக்கம். பகடையே உருட்டியிராமல் வந்து கடைசி வரை இருந்த புதியவர்களுக்கும் நன்றி.

குழுவின் சட்டங்கள், வழிப்பாட்டுகள் எல்லாவற்றையும் தொகுத்து வைத்திருக்கிறேன். தங்கள் ஆட்டத்தில் பயன்படுத்த விரும்புகிறவர்கள் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். மேலே சொன்னவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

மிக்க அன்புடன்,
உங்கள் டஞ்சன் மாஸ்டர்